கண்டறியாத செடி

எங்கட பக்கத்தில ஒரு பேச்சு இருக்கு. ஆரும் தேவையில்லாத எடுப்பு எடுத்தால் "கண்டறியாத எடுப்பு" எண்டுவம். பெடியன் கிழிஞ்ச காற்சட்டையைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்தால் அது கண்டறியாத காற்சட்டை. மருமகள் காலையில புட்டை விட்டிட்டு ஓட்ஸ் காய்ச்சினால் அது கண்டறியாத கஞ்சி. போன மாசம் என்ட மகளின்ட மூத்தவன், கம்பசில தாவரவியல் படிக்கிறவன், தோளில ரெண்டு பலகை, நாலு வார்ப்பட்டி, ஒரு கட்டுப் பழைய பேப்பர் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு தம்பலகாமத்துக்கு வந்து இறங்கினான். செருப்பைக் கழட்ட முதலே, "அம்மப்பா, ஒருத்தரும் கண்டறியாத செடி ஒண்டைக் கண்டுபிடிக்கப் போறன்" எண்டான்.

"ராசா, அந்தச் சொல்லை நீ சரியாத்தான் பாவிக்கிறாய்" எண்டன் நான்.

அவனுக்கு விளங்கேல்லை. தேத்தண்ணி குடிச்சு முடியத்தான் விளங்கிச்சுது. அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் என்னோட கதைக்கேல்லை.

கோவம் ஆறின பிறகு விசயத்தைச் சொன்னான். எங்கையோ வெளிநாட்டில சுண்ணாம்புக்கல் மலையின்ட செங்குத்தில தொங்கிக்கொண்டு நிண்ட ஒரு செடிக்குப் புதுசாப் பேர் வைச்சிருக்கினமாம். உலகத்தில வேற எங்கையும் அது இல்லையாம். தானும் அப்பிடியொரு செங்குத்தில ஏறவேணுமாம். "திருகோணமலையில சுண்ணாம்பு மலை எங்க இருக்கு?" எண்டு கேட்டான். நான் மடியில இருந்த டப்பியை எடுத்துக் காட்டினன். எனக்குத் தெரிஞ்ச சுண்ணாம்பு அதுக்குள்ளதான் இருக்கு. வெத்திலையில தடவலாம், ஏற ஏலாது.

அவன் விடுறானில்லை. ஊரின்ட பேரிலயே மலை கிடக்கு, கோணேசர் இருக்கிறதே கடலுக்கு மேல நிக்கிற செங்குத்தில, இராவணன் வெட்டைப் பார்த்தால் தலை சுத்தும், பிறகென்ன இல்லையெண்டு சொல்லுறியள் எண்டு நியாயம் கதைச்சான். சரியெண்டு பஸ் ஏத்திக் கூட்டிக்கொண்டு போனன். கோட்டை வாசல் மான்களுக்கு ரெண்டு வாழைப்பழம் குடுத்திட்டு மேல போனம். கீழ கிடந்த ஒரு கல்லைச் சுரண்டித் தேசிக்காய்ப் புளி ரெண்டு துளி விடச் சொன்னன். சுண்ணாம்புக்கல்லெண்டால் நுரைக்கும். அவன் பையுக்குள்ள இருந்து கண்ணாடிப் போத்தலில அமிலமே எடுத்தான், கண்டறியாத போத்தல்! விட்டுப் பார்த்தான். கல்லு முழிச்சுக்கொண்டு கிடந்துது. குவார்ட்சைட் எண்டு அவனே சொன்னான். இராவணன் வெட்டினாலும் ஆர் வெட்டினாலும் வெட்டுப்பட்டது குவார்ட்சைட்தான். துறைமுகத்தில டோக்கியோ சீமெந்து ஆலை நிக்குதெல்லோ, அதுக்கே சுண்ணாம்புக்கல் இஞ்ச இல்லை. சுட்டெடுத்த கிளிங்கர் கப்பலில வந்து இறங்குது. அவ்வளவு பெரிய ஆலைக்கு அகப்படாத மலை உனக்கு அகப்படப் போகுதோ எண்டு கேட்டன். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் அந்த நிலம் தோசைக்கல்லு மாதிரித் தட்டை. அங்க செங்குத்து வேணுமெண்டால் நிலாவரைக் கேணியைப் போல கீழ் நோக்கித்தான் தேடவேணும்.

இந்தக் கீழ் நோக்கிய கதையை ஞாபகம் வைச்சிருங்கோ. பிறகு தேவைப்படும்.

திரும்பி வரேக்க பஸ்ஸில அவன் எனக்குப் பாடம் எடுத்தான். மழைத்தண்ணி காத்தில இருக்கிற கரியமில வாயுவைக் கரைச்சுக்கொண்டு விழுகுதாம். அந்த மெல்லிய புளிப்பே சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுமாம். வெடிப்பு, குகை, பொந்து, ஊசிமுனை எண்டு மலையே பல்லுப் போன என்ட வாய் மாதிரி ஆகிடுமாம். அந்த வெடிப்புகளில ஒரு பிடி மண்கூடத் தேறாது. இருக்கிற மண்ணிலயும் சுண்ணாம்புக் காரம். மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில காய்ஞ்சிடும். அதுக்குள்ள பிழைக்கப் பழகின செடி வேற இடத்தில பிழைக்காது. வேற இடத்துச் செடி இதுக்குள்ள வந்து பிழைக்காது. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவில காடோ வயலோ கிடந்தால் அது கடல் கிடக்கிற மாதிரித்தான். அதால ஒவ்வொரு மலையும் ஒவ்வொரு தீவு. ஆயிரக்கணக்கான வருசம் சொந்தத்துக்குள்ளயே கலியாணம் கட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? முகசாடை மாறும். எங்கட ஊரில அதுக்குச் "சாதிப் புத்தி" எண்டுவம். இவையள் "புது இனம்" எண்டு சொல்லுகினம்.

மலேசியாவில, தீபகற்பப் பக்கத்தில, இப்பிடியான சுண்ணாம்பு மலையள் மொத்த நிலத்தில நூறில ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த மலையளில 1200க்கு மேல செடி இனங்கள் நிக்குதாம். ஈப்போவுக்குப் பக்கத்தில கந்தான் எண்டொரு மலை. எங்கட ஆக்கள் ரயில் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போன நாடுதானே, ஈப்போ எண்டால் எனக்குத் தெரியாததில்லை. அந்த மலையை ஒரு பக்கத்தால லஃபார்ஜ் எண்ட சீமெந்துக் கொம்பனி உடைச்சுக்கொண்டு வந்துது. மற்றப் பக்கத்தில ஆராய்ச்சிக்காரர் புதுச் செடி, புதுச் சிலந்தி எண்டு எடுத்துக்கொண்டு வந்தினம். அங்க ஒரு குட்டி நத்தையைக் கண்டினம். 2014ல அதுக்கு அந்தக் கொம்பனியின்ட பேரையே வைச்சிட்டினம், "சரோப்பா லஃபார்ஜி" எண்டு. இனி அந்த நத்தை செத்தால் ஆற்ற பேர் சாகும்? இதையல்லோ நையாண்டி எண்டு சொல்லுறது! நான் எழுபது வருசமா ஊர்ச்சனத்தைக் கிண்டல் பண்ணுறன்; இவ்வளவு அழகா எனக்கு ஒருநாளும் வரேல்லை. அண்டைக்குத்தான் இந்தத் தாவரவியல், விலங்கியல் ஆக்களில எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துது.

அதால அவனுக்கு உண்மையாவே புத்தி சொல்லத் தொடங்கினன். கேட்டானோ இல்லையோ, சொன்னதைச் சொல்லுறன்.

முதலாவது, "கண்டுபிடிச்சன்" எண்டு ஊர்ச்சனத்துக்கு முன்னால சொல்லாதை. சிரிப்பினம். வியட்நாமின்ட வடக்குத் தொங்கலில ஹா ஜாங் எண்ட பகுதியில சுண்ணாம்பு மலை முகட்டில ஒரு சைப்பிரஸ் மரம். 1999ல தாவரவியல்காரர் கண்டினம். 2002ல பேர் வைச்சினம், "சாந்தோசைப்பரிஸ் வியட்நாமென்சிஸ்". இனம் மட்டுமில்லை, பேரினமே புதுசெண்டு உலகம் வாயைப் பிளந்துது. செடியெண்டால் சரி, கல்லிடுக்கில ஒளிஞ்சு நிண்டுது எண்டு சொல்லலாம். மரத்தை எப்பிடி இவ்வளவு காலம் காணாமல் விட்டினம்? அதிலயும் ஒரே மரத்தில ஊசி மாதிரி இலையும் செதில் மாதிரி இலையும் ரெண்டும் இருக்கிற விசித்திரமான மரம். நான் சொல்லட்டோ? காணாமல் விட்டது படிச்சவை. அந்த மலையடிச் சனம் அந்த மரத்தை வெட்டி வீட்டுக்குப் போட்டு, வாசமான பலகை, நல்ல வைரம் எண்டு மெச்சிக்கொண்டுதான் இருந்தினம். பெரிய மரங்கள் அப்பவே கோடாலிக்குப் போயிட்டுது. விஞ்ஞானி ஏறிப்போகேக்க மிச்சம் நிண்டது மனிசன் ஏற ஏலாத முகட்டில. "கண்டுபிடிப்பு" எண்டால் என்ன? சனத்துக்குத் தெரிஞ்சதைப் படிச்சவன் பிந்தி அறியிறது.

"அப்ப நாங்கள் செய்யிற வேலை ஒண்டும் இல்லையோ அம்மப்பா?" எண்டு முகத்தைத் தொங்கப் போட்டான். இருக்கு மோனே, இருக்கு. ஊர்ச்சனத்துக்கு அது "மரம்". அது மற்ற எல்லாச் சைப்பிரசில இருந்தும் வேறுபட்ட மரம் எண்டு அவைக்குத் தெரியாது. உலகத்தில இருக்கிற மற்ற எல்லாச் சைப்பிரசையும் பார்த்தவன் வந்துதான் அதைச் சொல்ல ஏலும். அதால புதுச் செடி பிடிக்க வேண்டுமெண்டால் மலையில ஏறாதை, முதல்ல பழைய செடி எல்லாத்தையும் படி. பழசு தெரியாதவனுக்கு வேலியில நிக்கிற நாயுருவியும் புதுசுதான்.

இரண்டாவது, மலை அலுமாரிக்குள்ள இருக்கு. இதை அவன் நம்பேல்லை. பேராதனைத் தோட்டத்தில தேசிய உலர் தாவரகம் இருக்குதெல்லோ, அங்க காய்ஞ்ச செடியளைக் கடுதாசியில ஒட்டி அடுக்கி வைச்சிருக்கினம். 2010ல ஒரு ஆய்வு வந்துது. உலகத்தில பேர் வைக்க மிச்சமிருக்கிற பூக்குந் தாவரங்கள் ஏறக்குறைய 70,000 எண்டும், அதில பாதிக்கு மேல ஏற்கெனவே இப்பிடியான அலுமாரியளுக்குள்ள கிடக்குதெண்டும் கணக்குப் பார்த்தினம். பிடுங்கி அஞ்சு வருசத்துக்குள்ள பேர் கிடைக்கிறது நூறில பதினாறுக்குத்தான். கிட்டத்தட்டக் காவாசிக்கு அம்பது வருசத்துக்கு மேல காத்திருக்க வேண்டியிருக்கு. எங்கட காணி உறுதி வழக்கெல்லாம் இதுக்குப் பக்கத்தில மின்னல் வேகம்.

பவுல் ஹேர்மன் எண்டு ஒல்லாந்தக் கொம்பனியின்ட வைத்தியர் 1670களில இலங்கையில செடி பிடுங்கி ஒட்டி வைச்சார். மனிசன் செத்து, அந்தக் கட்டுகள் ஆற்றையோ கையில மாறி மாறி, கடைசியா டென்மார்க்கில ஒரு மருந்துக்கடைக்காரரிட்டைக் கிடந்துது. லின்னேயஸ் எண்ட தாவரவியல்காரர் அதை இரவல் வாங்கி இருந்து படிச்சு, 1747ல "ஃபுளோரா சைலானிக்கா" எண்டு புத்தகம் போட்டார். அவர் இலங்கை மண்ணில கால் வைச்சதே இல்லை. சேறு படாத காலோட எங்கட செடி முழுக்கத் தெரிஞ்ச மனிசன்! இவன்ட பூட்ஸைப் பார்த்தன். நல்ல விலை போட்டு வாங்கினது. ஒண்டும் சொல்லேல்லை.

பேர் வைக்கிற விசயத்தில எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் நித்திரை வராது. எங்கட காட்டுச் சாவண்டலை மரம் தெரியுந்தானே? வண்டிலுக்கு, வள்ளத்துக்கு, பீப்பாவுக்கு அதைப்போல மரம் இல்லை. சிங்களத்தில ஹல்மில்ல. வெள்ளைக்காரன் அதைத் "திருகோணமலை மரம்" எண்டே வியாபாரம் பண்ணினான். இஞ்ச ஏத்தி மதராசில இறக்கி, அங்க அலை அடிக்கிற கரையில சாமான் இறக்கிற மசூலாப் படகுக்குப் பலகை ஆக்கினாங்கள். அந்தப் படகில ஆணி கிடையாது. பலகையைக் கயிறு போட்டுத் தைச்சிருக்கும். அலை அடிச்சால் வளைஞ்சு குடுக்கும். வளையத் தெரிஞ்ச மரம், எங்கட மரம்.

அதின்ட பேர்க்கதையைக் கேளுங்கோ. 1801ல பெர்லினில வில்டெனோவ் எண்டவர் ஒரு பேர் வைச்சார். அவருக்குப் பிறகு ரொக்ஸ்பரோ எண்டவர், மதராசில இருந்த பெர்ரி எண்ட டொக்டரை நினைச்சு "பெர்ரியா" எண்டு இன்னொரு பேர் வைச்சார். அதோட ஹல்மில்ல எண்ட சொல்லை நசுக்கிப் பிழிஞ்சு "அம்மோனில்லா" எண்டு வாலும் ஒட்டினார். 1926ல இன்னொருத்தர் வந்து, முன்னவர் வைச்சதில பாதியும் பின்னவர் வைச்சதில பாதியும் எடுத்து "பெர்ரியா கோர்டிஃபோலியா" எண்டு முடிச்சார். கோர்டிஃபோலியா எண்டால் இதய வடிவ இலை. ஆற்ற இதயமோ! மரம் எங்கட, பேர் மதராஸ் டொக்டரின்ட. சாவண்டலை எண்ட சொல்லு எதிலயும் இல்லை. எங்கட சொல்லைப் போட்டிருந்தால் வெள்ளைக்காரனுக்கு நாக்கு சுளுக்கியிருக்கும் எண்டு நினைச்சு மனதை ஆற்றிக்கொள்ளுறன்.

திருகோணமலையில பாதிரியாராய் இருந்த கிளெனி எண்டவர் இஞ்சத்தைக் காட்டில செடி சேர்த்து, பேராதனையில இருந்த துவைட்சுக்கு அனுப்பினார். துவைட்ஸ் 1858 தொடக்கம் 1864 வரை இலங்கைத் தாவரங்களுக்கு ஒரு பட்டியல் புத்தகம் போட்டவர். ஹூக்கர் எண்ட தாவரவியல்காரர் ஒரு மரப் பேரினத்துக்கே கிளெனியின்ட பேரை வைச்சார். நல்லது, பாதிரியார் பாடுபட்டவர்தான். ஆனால் கிளெனி ஐயா மரத்தில தானா ஏறினவர்? கீழ குடை பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பார். மேல ஏறினவன் முத்தனோ கந்தனோ, அவன்ட பேரில ஒரு புல்லுக்கூட இல்லை. பேராதனையில தலைமுறை தலைமுறையாச் செடிப்படம் கீறின டி அல்விஸ் குடும்பம் இருக்கு. அதில மூத்தவர் ஹார்மனிஸ் டி அல்விசின்ட பேரில ஒரு ஓர்க்கிட் இருக்கு. கவனமாய்க் கேளுங்கோ: அந்த ஓர்க்கிட்டுக்கு இலையே இல்லை. வெறும் பச்சை வேர்தான். ஆயிரக்கணக்கில இலை கீறின மனிசனுக்கு இலை இல்லாத செடி! மரியாதையோ நக்கலோ, இண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை. நக்கலெண்டால் அந்தப் பேரை வைச்ச லிண்ட்லி எண்ட மனிசனோட நான் ஒருநாள் வெத்திலை போட்டிருக்க வேணும்.

எங்களாலயும் பிழை இல்லாமலில்லை. நான் இளந்தாரியாய் இருந்த காலம், கொழும்பில இருந்து ஒரு துரை மாதிரியான ஐயா வந்து, செடியளின்ட ஊர்ப்பேரைக் கேட்டுக் கேட்டுக் கொப்பியில எழுதிக்கொண்டு வந்தார். என்னோட வந்த கூட்டாளிக்குப் பசி. மத்தியானம் தாண்டிப் போச்சுது. ஒரு பூண்டைக் காட்டி "இதுக்கு என்ன பேர்?" எண்டு கேட்டார். "ஆருக்குத் தெரியும்" எண்டான். ஐயா எழுதினார். அடுத்ததைக் காட்டினார். "அதுவும் அதேதான்" எண்டான். ஐயா சந்தோசமாய், ரெண்டும் ஒரே குடும்பமாக்கும் எண்டார். எங்கையோ ஒரு கொப்பியில "ஆருக்குத்தெரியும்" எண்டொரு மூலிகை இண்டைக்கும் இருக்கும். அதுக்கு என்ன வருத்தம் மாறும் எண்டு கண்டுபிடிக்காமல் இருந்தால் சரி. அதால பேரனுக்குச் சொன்னன்: ஊராளிட்டைப் பேர் கேட்கிறதெண்டால் அவனுக்குச் சாப்பாடு குடுத்திட்டுக் கேள். பிறகு இன்னொருத்தனிட்டையும் கேள். ரெண்டு பேரும் ஒரே பேர் சொன்னால் எழுது.

வேலைமுறையை அவன் எனக்குக் காட்டினான். அதில எனக்குக் குறை இல்லை; நல்ல சமையல் மாதிரிப் பக்குவம் உள்ள வேலை. பூவும் காயும் ரெண்டும் வேணும். இலையை மட்டும் கொண்டுபோனால் ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம். பேப்பருக்குள்ள வைச்சுப் பலகைக்கு நடுவில இறுக்கிக் கட்டி, நாளுக்கு நாள் பேப்பர் மாத்தவேணும், இல்லாட்டிப் பூஞ்சணம். பூவின்ட நிறம், மணம் காய்ஞ்சால் போயிடும். அதை நிண்ட இடத்திலயே எழுதவேணும். கல்லு என்ன கல்லு, பக்கத்தில என்ன நிண்டுது, என்ன திகதி. பிறகு அதில ஒரே ஒரு தாளைத் தெரிஞ்சு "இதுதான் மாதிரி" எண்டு அலுமாரியில வைக்கிறது. நாளைக்கு ஆரும் சண்டை பிடிச்சால் அந்தத் தாள்தான் சாட்சி. காணி உறுதி மாதிரித்தான். 1935 தொடங்கி 2011 முடியும் வரை விபரத்தை இலத்தீனில எழுதாட்டிப் பேர் செல்லாது. செத்த பாசையில எழுதினால்தான் உயிருள்ள செடிக்குப் பேர்! 2012ல இருந்து ஆங்கிலமும் செல்லும். தமிழ் செல்லாது. ஆனால் வைக்கிற பேர் எந்தப் பாசைச் சொல்லில இருந்தும் வரலாமாம், ஒரு இலத்தீன் வால் ஒட்டினால் போதும். "அப்ப ஒரு செடிக்காவது எங்கட சொல்லை வை" எண்டன். உன்ட பேரை மட்டும் நீயே வைச்சிடாதை. சட்டத்தில தடை இல்லையாம், ஆனால் வெக்கக்கேடாம். கலியாண வீட்டில தனக்குத் தானே மாலை போடுற மாதிரி.

அனுமதிக் கடுதாசி இல்லாமல் காட்டுக்குள்ள இறங்காதை எண்டும் சொன்னன். வன இலாகா, வனசீவராசிகள் இலாகா எண்டு ரெண்டு கந்தோரிலயும் நிண்டு அந்தக் கடுதாசியை எடுக்கிற நேரத்துக்குள்ள செடி பூத்துக் காய்ச்சு விதையும் கொட்டிடும், அது வேற கதை. கடுதாசி இல்லாமல் போனால் பூ உனக்கில்லை, பொலிசுக்கு. நிக்கிறது ஒரே ஒரு செடி எண்டால் வேரோட பிடுங்காதை. ஒரு கொப்பு எடு, படம் எடு. உலகத்தில ஒண்டே ஒண்டு எண்டு எழுதிப்போட்டு அதையே காயப்போட்டால் உன்னைக் கண்டுபிடிச்சவனெண்டே சொல்லுவினம், கொண்டுபோட்டவனெண்டு ஒருத்தரும் எழுத மாட்டினம். அதுதான் எனக்குப் பயம்.

இனித்தான் முக்கியமான விசயம். இதுக்காகத்தான் இவ்வளவும் சொன்னனான்.

பேரைச் சொல்லு. விலாசத்தைச் சொல்லாதை.

பேர் கட்டாயம் வேணும். பேரில்லாத மரத்துக்காக ஆர் சண்டை பிடிப்பினம்? கம்பஹாவில ஒரு மரம், குருடியா சைலானிக்கா. 2012 சிவப்புப் பட்டியலில அழிஞ்சுபோச்சுது எண்டு எழுதிவைச்சிட்டினம். 2019ல அங்க ஒண்டு உயிரோட நிண்டுது. 2021ல அதிவேக வீதி அதுக்கு மேலால போகப் போகுதெண்டு தெரிஞ்சவுடன நாடே கத்திச்சுது. பேர் மட்டும் இல்லாட்டி "றோட்டில ஒரு மரம்" எண்டு ஒரு காலமையில வாள் வைச்சிருப்பாங்கள்.

ஆனால் விலாசம்! வியட்நாமின்ட சுண்ணாம்பு மலையில ஒரு பாதணி ஓர்க்கிட், வியட்நாமென்சே எண்டே பேர். 1999ல பேர் வைச்சினம். சேகரிக்கிற பைத்தியங்களும் வியாபாரியளும் மோப்பம் பிடிச்சாங்கள். சில வருசத்துக்குள்ள மலையில தேடினால் இல்லை, சாடியளில இருக்கு. இப்ப காட்டில முற்றா அழிஞ்சிருக்கலாம் எண்டு எழுதியிருக்கினம். அதால இப்ப விவரம் தெரிஞ்சவை ஓர்க்கிட்டுக்குப் பேர் வைச்சால் இடத்தை எழுதுறதில்லை. அவுஸ்திரேலியாவில 1994ல ஒரு பள்ளத்தாக்கில வொலமி எண்ட மரத்தைக் கண்டினம். அது சுண்ணாம்பு இல்லை, மணற்கல். நூறு பெரிய மரம்கூட இல்லை. இடத்தை இண்டைக்கும் ஊருக்குச் சொல்லேல்லை. காட்டுத்தீ வந்தபோது தீயணைக்கிற ஆக்களை இறக்கிக் காப்பாத்தினதை மட்டும் சொன்னினம்.

விலாசம் வெளிய போனால் என்ன நடக்கும் எண்டு திருகோணமலையானுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்கட துறைமுகம் இருக்கே, ஆழம், காத்தடிக்காத மூலை, எந்தப் பெரிய கப்பலும் ஒளிக்கலாம். அந்த விலாசம் கடல் வரைபடத்தில ஏறிச்சுது. போர்த்துக்கேயன் வந்தான், கோயிலை இடிச்சான், அந்தக் கல்லை எடுத்து 1624ல கோட்டை கட்டினான். 1639ல ஒல்லாந்தன். 1782ல தை மாசம் வெள்ளைக்காரன், அதே வருசம் ஆவணிக்குள்ள பிரெஞ்சுக்காரன். 1795ல திரும்பவும் வெள்ளைக்காரன். 1942ல ஜப்பான்காரன் ஆகாயத்தால வந்து குண்டு போட்டான். ஒருத்தனும் வரைபடம் இல்லாமல் வரேல்லை. நாங்கள் ஒருத்தருக்கும் அழைப்புக் கடுதாசி போடவுமில்லை.

மரம் தேடி வாறவனுக்கும் ஒரு கதை இருக்கு. 1660ல கொட்டியாரக் குடாவுக்கு ஒரு இங்கிலிசுக் கப்பல் வந்துது. புயலில பாய்மரம் முறிஞ்சு, புது மரம் நாட்ட வந்தவங்கள். அதில வந்த ரொபேட் நொக்சைக் கண்டி ராசாவின்ட ஆக்கள் பிடிச்சுக்கொண்டு போட்டினம். மரத்துக்கு வந்தவன் பத்தொன்பது வருசம் கண்டியில இருந்தான். பெடியனுக்கு அதைச் சொல்லி, "காட்டுக்குள்ள போனால் பொழுதுபட முதல் வா, கொம்மா அழுவாள்" எண்டன்.

இவ்வளவும் சொல்லிப்போட்டு நான் மத்தியான நித்திரைக்குப் போட்டன். எழும்பினால் பெடியனைக் காணேல்லை. பலகை கிடக்கு, பேப்பர் கிடக்கு, பூட்ஸ் கிடக்கு. தேடினால் பின் வளவுக் கிணத்தில தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு நிக்கிறான். கால் ரெண்டும் மட்டும் வெளிய. எங்கட கிணறு என்ட பாட்டன் காலத்தது. உள்ளுக்குள்ள செங்கல்லு, சீமெந்து வரமுதல் கட்டினது. முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து.

"அம்மப்பா, இஞ்ச பாருங்கோ! சுண்ணாம்புச் செங்குத்து!" எண்டு கிணத்துக்குள்ள இருந்து சத்தம் வருது.

கீழ் நோக்கிய கதையை ஞாபகம் வைச்சிருங்கோ எண்டு சொன்னனெல்லோ.

சாந்து வெடிப்புக்குள்ள ஒரு பன்னம். நீட்டு நீட்டு இலை, ரெண்டு பக்கமும் சீப்புப் பல்லு மாதிரி. எத்தினையோ வருசமா நான் கிணறு இறைக்கேக்க மண்வெட்டியால சுரண்டி எறியிற சாமான். அவன் கண்ணாடி வைச்சு முக்கால் மணித்தியாலம் பார்த்தான். "புதுசோ?" எண்டு கேட்டன். எனக்கும் கொஞ்சம் படபடப்புத்தான், மறைக்கிறதுக்கென்ன. "இல்லை அம்மப்பா, தெரிரிஸ் விட்டாட்டா... சீ, தெரிசு விட்டாட்டா" எண்டு நாக்குத் தடுமாறி, கடைசியில "பிதெரிஸ் விட்டாட்டா" எண்டு சொல்லி முடிச்சான். 1753லயே லின்னேயஸ் பேர் வைச்சிட்டாராம். சுண்ணாம்புச் சாந்து எண்டால் அதுக்கு உயிராம். உலகத்தில பழைய சுவர் கண்ட இடமெல்லாம் நிக்குமாம்.

"அப்ப பழைய சாமான். சுரண்டட்டோ?"

"வேண்டாம்! 2001லதான் கண்டினம், இந்தப் பன்னம் மண்ணில இருக்கிற ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில சேர்த்து வைக்குது எண்டு. நஞ்சை இழுக்கிற செடி. இருநூற்றைம்பது வருசமாப் பேர் தெரியும், என்ன வேலை செய்யுதெண்டு தெரியேல்லை."

நான் மண்வெட்டியைப் பார்த்தன். மண்வெட்டி என்னைப் பார்த்தது. கிணத்துத் தண்ணியை நான் எழுபது வருசமாக் குடிக்கிறன் எண்டதும் ஞாபகம் வந்துது. அதைப்பற்றி மேல கேட்கேல்லை. சில கேள்வியளுக்கு மறுமொழி வராமல் இருக்கிறது உடம்புக்கு நல்லது.

பெடியன் இன்னும் கீழ, தண்ணி மட்டத்துக்குக் கிட்ட, வேற ஒண்டு நிக்குதெண்டு சொன்னான். சின்னது. பூ இருக்கு. ஊதா மாதிரி. அதுக்கு ஒண்டும் பேர் சொல்லேல்லை. பேசாமல் மேல ஏறி வந்து, கயிறு கேட்டான், கொப்பி கேட்டான். பிறகு போனை எடுத்து ஆருக்கோ படம் அனுப்பப் போனான். நான் கையைப் பிடிச்சன்.

"படத்தை அனுப்பு. கிணறு எங்க எண்டு கேட்டால் வெருகலுக்கு அங்கால எண்டு சொல்லு."

வாசிக்கிறவைக்கும் ஒரு சொல். நான் தொடக்கத்தில தம்பலகாமம் எண்டு சொன்னனெல்லோ. அதை நம்பிக் கயிறும் வாளியும் கொண்டு வெளிக்கிட்டிடாதையுங்கோ.